எங்கள் வளவில் ஆண்டு தொடங்குவது செப்டம்பரில்

செப்டம்பர் பாதி தாண்டினால் போதும், கோயிலிலும் தமிழ்க் கடையிலும் காண்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "அக்கா, தோட்டம் முடிஞ்சுதோ?" பயத்தங்காய்க் கொடி மஞ்சளித்துவிட்டது, பாவற்காய் பிஞ்சிலேயே நின்றுவிட்டது, தக்காளி பச்சையாகவே தொங்குகிறது. அதனால் கேட்கிறார்கள். "இல்லைத் தம்பி, இனித்தான் வேலை இருக்கு" என்றுதான் நான் சொல்வேன். சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே நின்று விளக்கவும் தொடங்கிவிடுவேன். என் கணவர் கார்த் திறப்பை ஆட்டிக் காட்டும்வரை நிற்காது. அதையெல்லாம் ஒரு இடத்தில் எழுதி வைப்போம் என்றுதான் இது.

நாங்கள் இருப்பது கனடாவில், ரொறன்ரோ நகரின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில். இங்கே நம்மவர்களில் பலர் மே மாதம் விக்ரோறியா டே விடுமுறை வந்ததும் நாற்றும் மண் மூட்டையும் வாங்கி வந்து நடுவார்கள். கோடை முழுக்க ஆசையாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். செப்டம்பர் கடைசியில் பிடுங்கிக் கடதாசிப் பையில் போட்டு வீதியோரம் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆனால் வருகிற மே மாதம் அந்த மண் எப்படி இருக்கும், புல் எப்படி எழும், சமையலுக்கு முதலில் எது கிடைக்கும் என்பதெல்லாம் செப்டம்பர் முதல் நவம்பர் வரையுள்ள நாட்களில்தான் முடிவாகிறது. கோடை வெயிலை வாங்கிய மண் அப்போது இன்னும் சூடாகவே இருக்கும். காற்று குளிர்ந்துவிடும், மழை ஒழுங்காகப் பெய்யும், களைகளின் வேகம் அடங்கிவிடும். வேர் பிடிக்கிற எதற்கும் இதைவிட நல்ல காலம் இந்த ஊரில் இல்லை.

முதலில் புல். முன் வளவுப் புல்லைப் பற்றி நம்மவர்களுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. சாப்பிட முடியாததற்கு ஏன் இவ்வளவு பாடு என்று என் அம்மாவே கேட்பார். ஆனால் ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிட்டால் நகராட்சி வெட்டச் சொல்லிக் கடிதம் போடும். எப்படியும் பார்க்கத்தான் வேண்டும், அதைச் சரியான மாதத்தில் பார்த்தால் வேலை பாதியாகக் குறையும். கென்ரக்கி புளூகிராஸ், ஃபெஸ்கியூ, ரைகிராஸ் என்று இங்கே வளர்கிற புல்லெல்லாம் குளிரை விரும்பும் இனங்கள். யூலை வெயிலில் அவை உறங்கும். ஓகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில் விதை தூவினால், ரைகிராஸ் ஒரு வாரத்திலும் புளூகிராஸ் இரண்டு மூன்று வாரத்திலும் முளைத்து, குளிருக்கு முன் வேர் பிடித்துவிடும். அதே விதையை மே மாதம் தூவினால் கிராப்கிராஸ் என்கிற களையும் கூடவே எழும்பும், பிறகு யூலை வெயில் இளம் புல்லைக் கருக்கும். செப்டம்பரில் அந்தத் தொல்லை இல்லை. முதல் உறைபனியோடு கிராப்கிராஸ் தானாகவே செத்துப்போகும்.

களைமருந்து அடித்தால் என்ன என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. வளவை அழகாக வைத்திருப்பதற்காக மட்டும் பூச்சிமருந்தும் களைமருந்தும் அடிப்பதை எங்கள் மாகாணமான ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 முதல் தடை செய்துவிட்டது. சில மருந்துகளுக்கு மட்டும் அனுமதி உண்டு, இரும்புச் சத்துள்ள மருந்து அதில் ஒன்று. அது டன்டிலயன் என்ற மஞ்சள் பூக் களையின் இலையைக் கறுப்பாக்கும், வேர் பிறகும் துளிர்க்கும். எனக்கு இந்தத் தடையில் பெரிய சந்தோஷம். பேரப்பிள்ளைகள் உருளுகிற புல், பக்கத்திலேயே நான் கீரை பிடுங்குகிற பாத்தி. அடர்ந்த புல்தான் களைக்கு மருந்து. புல் வெட்டும் மெஷினின் வெட்டு உயரத்தை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வையுங்கள். ஒட்ட வெட்டினால் மண்ணில் வெயில் பட்டுக் களை விதை முளைக்கும்.

இரவில் ரக்கூனும் ஸ்கங்க்கும் வந்து புல்லைப் புரட்டிப் போட்டிருந்தால் அவற்றைத் திட்டாதீர்கள். கீழே வெள்ளைப் புழு இருக்கிறது, அதைத் தேடித்தான் வருகின்றன. அந்த இடத்துப் புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், வேரில்லாமல் கையோடு வரும். ஜப்பான் வண்டும் வேறு சில வண்டுகளும் கோடையில் இட்ட முட்டையின் புழுக்கள் அவை. இதற்கு நெமடோட் என்கிற, கண்ணுக்குத் தெரியாத நல்ல புழுக்கள் நாற்றுக் கடைக் குளிர்பெட்டியில் கிடைக்கும். ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள், புழுக்கள் சின்னதாக இருக்கும்போது, மண்ணை நன்றாக நனைத்துவிட்டு மாலையில் ஊற்ற வேண்டும். வெயில் பட்டாலோ மண் காய்ந்தாலோ அவை செத்துவிடும், காசு வீண்.

அப்புறம் மேப்பிள் சருகு. ஒக்ரோபர் கடைசியில் எங்கள் தெரு முழுக்க ஆளுயரத்துக்குக் கடதாசிப் பைகள் நிற்கும். அத்தனையும் நல்ல எரு, காசு கொடுத்தாலும் கடையில் இந்தத் தரத்தில் கிடைக்காது. எனக்கு அதைப் பார்க்கவே வயிறு எரியும். எங்கள் வீட்டு மண் களிமண். மழை பெய்தால் சப்பாத்தில் ஒட்டி வரும், வெயில் அடித்தால் வெடிக்கும். வீடு கட்டியவர்கள் மேல் மண்ணை வழித்து எடுத்துவிட்டுப் பேருக்கு நாலு அங்குலம் மண் போட்டுப் புல்லை விரித்துவிட்டுப் போனார்கள். அந்த மண்ணை இப்போது கையால் பிசைந்தால் பொலபொலவென்று உதிர்கிறது என்றால் அதற்கு மேப்பிள் சருகுதான் காரணம்.

செய்வது இவ்வளவுதான். சருகு காய்ந்திருக்கும் ஒரு நாளில் அதன் மேலேயே புல் வெட்டும் மெஷினை இரண்டு தரம் ஓட்டுகிறோம். விரல் நகம் அளவுக்கு நொறுங்கிவிடும். கொஞ்சத்தைப் புல்லுக்குள்ளேயே விடலாம், புல்லை மூடாத அளவு இருந்தால் வசந்தத்துக்குள் மண்ணோடு சேர்ந்துவிடும். மீதியை விறாண்டியால் கூட்டி மரக்கறிப் பாத்திகளில் அரை அடி உயரத்துக்குப் பரப்புகிறோம். வெட்டாத முழு மேப்பிள் இலையை அப்படியே போட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் தண்ணீர் இறங்க விடாது, அதனால் நொறுக்குவது முக்கியம். மே மாதம் அதைக் கையால் விலக்கினால் கீழே மண்புழு நெளியும். ஒரு எச்சரிக்கை: உங்கள் பக்கம் கறுப்பு வால்நட் மரம் இருந்தால் அந்த இலையைத் தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பாத்திக்குக் கொண்டுவராதீர்கள். அந்த மரத்திலுள்ள ஜுக்லோன் என்ற பொருளால் இந்தக் குடும்பச் செடிகள் வாடிப்போகும்.

பூச்செடிகளின் காய்ந்த தண்டுகளை நான் வெட்டுவதில்லை. உள்ளே பொந்தாக இருக்கும் தண்டுகளில் சின்னக் காட்டுத் தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. விதைத் தலைகளைத் தின்ன ஜனவரியில் கோல்ட்ஃபின்ச் குருவிகள் வரும். பார்க்க வடிவாக இல்லை என்று ஆரும் சொன்னால் சொல்லட்டும்.

இனி உள்ளிக்கு, அதாவது பூண்டுக்கு, வருகிறேன். நான் இதையெல்லாம் எழுதத் தொடங்கியதே உள்ளிக்காகத்தான்.

யாழ்ப்பாணத்தில் செம்மண்ணில் சின்ன வெங்காயம் எப்படி விளையும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் உள்ளி அங்கே விளைந்து நான் பார்த்ததில்லை. கடையில்தான் வாங்குவோம். தமிழ்நாட்டிலும் நல்ல பூண்டு என்றால் கொடைக்கானல் மலையைத்தான் சொல்வார்கள். உள்ளிக்குக் குளிர் வேண்டும். மண்ணுக்குள் சில வாரங்கள் நல்ல குளிரில் கிடந்தால்தான் ஒரு பல்லு பல பல்லுகளாகப் பிரியும். குளிர் படாமல் வசந்தத்தில் நட்டால் பிரியாமல் ஒற்றைக் குமிழாக நின்றுவிடுவதும் உண்டு. பனை நாட்டிலிருந்து வந்து இந்தக் குளிரைத் திட்டிக்கொண்டே வாழ்கிற எங்களுக்கு, இந்தக் குளிர் தன் கையால் தருகிற ஒரு விளைச்சல் இது. வேறு எதையும் நடாவிட்டாலும் இதை நடுங்கள்.

கடையில் சமையலுக்கு வாங்கும் உள்ளியை நடவேண்டாம். அது பெரும்பாலும் தூர தேசத்திலிருந்து வருவது, இந்தக் குளிருக்குப் பழகாத மென்தண்டு இனம், நோயும் கூடவே வரலாம். செப்டம்பரில் உழவர் சந்தைகளில் ஒன்ராறியோ உள்ளி வரும். இங்கே அதிகம் நடுவது 'மியூசிக்' என்ற வன்தண்டு இனம், அதாவது நடுவில் கெட்டியான தண்டு எழும்பும் இனம். குமிழுக்கு நாலு முதல் ஆறு பல்லு, ஒவ்வொன்றும் கட்டை விரல் பருமன். விலையைப் பார்த்தால் யோசனை வரும்தான். ஒரு முறை வாங்கினால் போதும், பிறகு உங்கள் விளைச்சலில் பெரிய குமிழ்களை விதைக்கென்று எடுத்து வைக்கலாம்.

நடுவது ஒக்ரோபர் நடுவிலிருந்து கடைசி வரை. ஐப்பசி பிறந்ததும் நடுவேன் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். நிலம் உறைய நாலைந்து வாரம் இருக்க வேண்டும்: வேர் இறங்க நேரம் வேண்டும், ஆனால் இலை மேலே நீளக்கூடாது. பல்லுகளைப் பிரிக்கும்போது தோல் உரியாமல் பாருங்கள். தோல் உரிந்ததைச் சமையலுக்கு வைத்துவிடுங்கள். வேர் வரும் தட்டையான பக்கம் கீழே, கூர் மேலே. இரண்டு அங்குல ஆழம், அரை அடி இடைவெளி. நான் மண்வெட்டிப் பிடியால் குழி குத்திக்கொண்டே போக, அம்மா வாங்கில் இருந்தபடி பல்லுகளைத் தரம் பிரித்துத் தருவார். பெரியது நட, சின்னது குழம்புக்கு. மூடி, ஒருக்கால் தண்ணீர் விட்டு, மேலே நொறுக்கிய சருகோ வைக்கோலோ அரை அடிக்குப் போட்டுவிட வேண்டும். இந்த ஊரில் மார்ச் மாதம் பகலில் உருகி இரவில் உறையும். அப்போது மண் பொங்கி, நட்டதை மேலே தள்ளிவிடும். சருகுப் போர்வை அதைத் தடுக்கிறது.

ஏப்ரலில் மற்றப் பாத்தியெல்லாம் வெறும் மண்ணாகக் கிடக்கும்போது உள்ளி முளை சருகைத் துளைத்துக்கொண்டு நிற்கும். யூன் நடுவில் நடுத் தண்டு எழும்பிச் சுருண்டு வளையும். ஒரு சுற்றுச் சுற்றியதும் ஒடித்துவிட வேண்டும், விட்டால் பூவுக்குப் போகிற சத்து குமிழுக்குப் போகாது. ஒடித்த தண்டை எறிய மாட்டோம். அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, கடுகு, செத்தல் மிளகாய் தாளித்து, வெங்காயம் போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து வதக்கி, கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூ போட்டு வறை. பயத்தங்காயின் நறுக்கென்ற கடியும் உள்ளியின் மணமும் சேர்ந்து வரும். சோற்றோடு அது இருந்தால் எங்கள் வீட்டில் வேறு கறி கேட்க மாட்டார்கள். யூலை நடுவுக்குப் பிறகு, கீழ் இலைகள் காய்ந்து மேலே ஐந்தாறு இலை பச்சையாக இருக்கும்போது கிண்டி எடுத்து, கழுவாமல், கராஜில் நிழலில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுகிறோம். அந்தப் பாத்தி வெறுமையானதும் வெந்தயக் கீரையோ முள்ளங்கியோ போடலாம்.

கறிவேப்பிலைக்கு வேறு கணக்கு. இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போகப்போகிறது என்று தெரிந்த அன்றே தொட்டியை உள்ளே எடுக்க வேண்டும். எடுக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்போரம் கபில நிறத்தில் சின்னப் புடைப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது செதில் பூச்சி. நகத்தால் சுரண்டினால் கழன்று வரும். இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும், தொட்டியைச் சுற்றித் தரையும் ஒட்டும். மருந்துக் கடை ஸ்பிரிற்றில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். உள்ளே தெற்கு யன்னல்தான் அதற்கு இடம், ஹீற்றர் காற்று நேரே படக்கூடாது. டிசம்பரில் இலை உதிர்க்கும். பயந்துபோய்த் தண்ணீரைக் கூட்டாதீர்கள். வெளிச்சம் குறைந்ததால் அது ஓய்வுக்குப் போகிறது, அப்போது தண்ணீர் கூடினால் வேர் அழுகும். ஸ்காபரோவில் குளிர்காலத்தில் செத்துப்போகிற கறிவேப்பிலையில் பாதிக்கு மேல் அன்பாகத் தண்ணீர் ஊற்றியே சாகிறது என்பது என் அபிப்பிராயம். தொட்டி மாற்றுவது, உரம் போடுவது எல்லாம் ஏப்ரலில் புதுத் துளிர் கண்ட பிறகு.

கோடைப் பயிர்களில் அவரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. "கொடி வீட்டுக் கூரை வரை போய்விட்டது, ஒரு பூ இல்லை" என்று ஒவ்வொரு ஓகஸ்ட்டும் யாராவது சொல்வார்கள். மண்ணிலும் பசளையிலும் குறை இல்லை. ஊரிலிருந்து வந்த அவரை இனங்கள் பல, பகல் குறுகினால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்தைத் தாண்டாது. இங்கே யூன் கடைசியில் 15 மணி 25 நிமிடம் வெளிச்சம். அந்தக் கொடிக்குக் கார்த்திகை வருகிற மாதிரித் தெரிவது செப்டம்பரில்தான், அது பூக்கும்போது உறைபனி வாசலில் நிற்கும். நாள் நீளத்தைப் பொருட்படுத்தாத இனம் என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அந்தப் பந்தலைப் பயத்தங்காய்க்கோ பசளிக்கோ கொடுங்கள்.

முதல் உறைபனி எங்கள் பக்கம் பெரும்பாலும் ஒக்ரோபரில் வரும். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கிற இரவுதான் ஆபத்தானது. அன்று பழைய படுக்கை விரிப்பால் மிளகாய்ச் செடிகளை மூடினால் இன்னும் ஒன்றிரண்டு வாரம் காய்க்கும். பொலித்தீன் இலையில் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் கருகும். ஓரளவு வெளிறிய பச்சைத் தக்காளியைப் பறித்துக் கடதாசிப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வையுங்கள், பழுக்கும். கடும் பச்சையாக இருப்பது பழுக்காது. அதை நாங்கள் பால்கறி வைக்கிறோம்.

வெளித் தண்ணீர்க் குழாயை மறக்காதீர்கள். பேஸ்மென்ற்றில் அதற்கென்று ஒரு வால்வு இருக்கும். அதை மூடிவிட்டு, வெளிக் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, ஹோஸைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் உறைந்து பைப் வெடித்தால் தெரியவருவது வசந்தத்தில், சுவருக்குள் தண்ணீர் போன பிறகு. ஆனால் அதை மூடுவதற்கு முன், வேலியோரச் சீடார் மரங்களுக்கு ஆழமாக ஒரு தண்ணீர் விடுங்கள். அவை குளிரிலும் இலையோடு நிற்பவை. நிலம் உறைந்தபின் வேரால் உறிஞ்ச முடியாமல், பெப்ரவரிக் காற்றில் காய்ந்து சிவக்கும். இளம் பழமரங்களின் அடியைச் சுற்றி வெள்ளைக் குழாய்ச் சுற்று போடுங்கள், ஸ்னோவுக்குமேல் ஏறி நின்று முயல் பட்டையைக் கறிக்கும்.

ஸ்னோ காலத்தில் ஒரே ஒரு விடயம்: நடைபாதையில் உப்புப் போட்டு வழித்த ஸ்னோவைப் பாத்தி மேலும் புல் மேலும் கொட்டாதீர்கள். மார்ச்சில் வீதியோரப் புல் வைக்கோல் நிறமாகக் கிடப்பது அந்த உப்பால்தான். படிக்கட்டுக்கு நாங்கள் மணல் போடுகிறோம். உப்பில்லாத நல்ல ஸ்னோவை உள்ளிப் பாத்தி மேல் எவ்வளவு வேண்டுமானாலும் குவிக்கலாம்.

விதை போடும் கணக்கு விக்ரோறியா டேயிலிருந்து பின்னோக்கி. மிளகாய்க்குப் பத்து வாரம், கத்தரிக்கு எட்டு, தக்காளிக்கு ஏழு. பயத்தங்காய், பாவற்காய் நேரே மண்ணில், யூன் பிறந்து மண் சூடான பிறகு. இதை மார்ச்சில் விரிவாக எழுதுகிறேன்.

நவம்பரில் எங்கள் வளவில் கடைசி வேலை எங்களுடையது இல்லை, பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தாவின் அத்தி மரம். ரொறன்ரோவின் பழைய இத்தாலியக் குடும்பங்கள் பல அத்தியை இப்படித்தான் காப்பாற்றி வருகின்றன. இலை உதிர்ந்ததும் கிளைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். மரத்தின் ஒரு பக்கம் வேரை மண்வெட்டியால் வெட்டி, மறுபக்கம் நீளமாக ஒரு கிடங்கு வெட்டி, மரத்தையே அதற்குள் மெல்லச் சாய்ப்பார். மேலே பலகை, அதன்மேல் சருகு மூட்டைகள், அதன்மேல் மண். அவருக்கு இப்போது முதுகு வளையாது. அதனால் என் கணவரும் மகனும் போய் அலவாங்கு பிடிக்கிறார்கள், தாத்தா கதிரையில் இருந்துகொண்டு கையால் திசை காட்டுகிறார். சருகு எங்கள் வளவிலிருந்து போகும். ஏப்ரல் நடுவில் திறப்போம். மார்ச்சில் ஒரு வாரம் வெயில் அடிக்கும், அதைப் பார்த்து முந்தித் திறந்தால் அடுத்த வாரக் குளிரில் துளிர் கருகிவிடும் என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்லுவார். கூலிக்குப் பதில் எங்களுக்குச் செப்டம்பரில் ஒரு வாளி அத்திப்பழம், போன ஆண்டு ஒரு பதியனும் தந்திருக்கிறார். அது இப்போது கராஜில் கறிவேப்பிலைத் தொட்டி அளவான தொட்டியில் நிற்கிறது. அடுத்த ஆண்டு மண்ணில் வைக்க வேலியோரம் இடம் பார்த்துவிட்டேன்.